கிராம சபைக்குப் போற எல்லாருக்கும்: இந்தத் தடவை ஒரு தீர்மானம் சேத்து எழுதுங்க

அரிட்டாபட்டி, நரசிங்கம்பட்டி, மேலூர் சுத்துப்பட்டு ஊர்க்காரங்களுக்கும், உசிலம்பட்டி சேடபட்டி பக்கத்துப் பெரியவங்களுக்கும், திருமங்கலம் பேரையூர் அண்ணன்மாரு அக்காமாருக்கும், மதுரை மாநகராட்சி வார்டு கவுன்சிலர்களுக்கும் வணக்கம்.

நான் ஒத்தக்கடை ஹைகோர்ட்டுக்குப் போய் வந்து பொழப்பு நடத்துற ஒரு வக்கீல் குமாஸ்தா. கேஸ் கட்டு தூக்குறது, நம்பர் வாங்குறது, வாய்தா தேதி குறிக்கிறது, அம்புட்டுதான் நம்ம வேலை. சட்டம் படிச்சவன் கிடையாது, ஆனா சட்டம் ஒரு குடும்பத்தை என்ன பண்ணும்னு படிச்சவங்களை விட கொஞ்சம் கிட்டக்க நின்னு பாத்தவன். அதனால நேரா விஷயத்துக்கு வந்துர்றேன். வர்ற அக்டோபர் 2 கிராம சபையில குடிதண்ணி, தெருவிளக்கு, நூறு நாள் வேலை சம்பளம் எல்லாத்தையும் வழக்கம் போல பேசுங்க, அதோட தீவிரவாதத் தடுப்புன்னு சொல்லிப் போடுற சட்டங்களைப் பத்தியும் ஒரு தீர்மானம் சேத்து எழுதுங்க. கவுன்சிலர்கள் மாமன்றக் கூட்டத்துல எழுதுங்க.

"கிராம சபைக்கும் தீவிரவாதத்துக்கும் என்னப்பா சம்பந்தம்"னு சிரிக்காதீங்க. டங்ஸ்டனுக்கும் கிராம சபைக்கும் என்ன சம்பந்தம்னும் 2024 நவம்பர்ல இப்படித்தான் கேட்டாய்ங்க. சுரங்க ஏலத்தை விட்டது டெல்லி, எடுத்தது பெரிய கம்பெனி, நடுவுல நம்ம ஊரு நோட்டுல எழுதுற நாலு வரிக்கு என்ன மதிப்புன்னாய்ங்க. நவம்பர் 23 கிராம சபையில தீர்மானம் போட்டீங்க, ஜனவரி 7-ல நரசிங்கம்பட்டியில இருந்து தல்லாகுளம் வரைக்கும் நடந்தே வந்தீங்க, 2025 ஜனவரி 23-ல ஏலத்தையே ரத்து பண்ணிட்டாங்க. நோட்டு மட்டும் ஜெயிக்கல, சனம் நடந்ததுதான் ஜெயிச்சுச்சு, ஒத்துக்கிறேன், ஆனா அந்த நடைக்கு ஒரு சட்ட ரீதியான முதுகெலும்பு குடுத்தது அந்தத் தீர்மானம்தான். இன்னொண்ணையும் மறந்துறாதீங்க, அந்தப் பேரணிக்குப் போனதுக்கு ஆயிரக்கணக்கான பேர் மேல கேஸ் போட்டாங்க, அப்புறம் வாபஸ் வாங்குனாங்க. வாபஸ் வாங்கலைன்னா பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன்ல அந்த நம்பர் வந்து நிக்கும்னு உங்களுக்கே தெரியும்.

இப்ப ஊபான்னு (UAPA, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) சொல்றாங்களே அந்தச் சட்டம் எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா சொல்றேன். 1967-ல வந்தது, அப்ப அது அமைப்புகளைத் தடை பண்றதுக்கான சட்டம். 2004-ல பொடாவை, அதாவது 2002-ல வந்த தீவிரவாதத் தடுப்புச் சட்டத்தை, எடுத்தாங்க, எடுத்தோம்னு சொல்லிட்டு அதுல இருந்த தீவிரவாதப் பிரிவுகள்ல நிறையத்தைத் தூக்கி அதே வருஷம் இதுக்குள்ள வச்சாங்க. 2008-ல மும்பை தாக்குதலுக்கு அப்புறம் ஜாமீனை இறுக்குனாங்க. 2019-ல அமைப்பு இல்ல, தனி ஆளையே தீவிரவாதின்னு அரசாங்கம் அறிவிக்கலாம்னு கொண்டு வந்தாங்க, கோர்ட் தீர்ப்பே வேண்டாம், கெஜட்ல பேர் வந்தா போதும். சாதாரண கேஸ்ல 60 நாள் இல்ல 90 நாளுக்குள்ள குற்றப்பத்திரிகை போடலைன்னா ஜாமீன் உரிமையா வந்துரும், இதுல அதை 180 நாள் வரைக்கும் இழுக்கலாம். முன்ஜாமீன் கிடையாது. குற்றப்பத்திரிகை போட்டப்புறமும் போலீஸ் தரப்பு பேப்பரைப் பாத்து "மேலோட்டமா உண்மைபோலத் தெரியுது"ன்னு நீதிபதிக்குப் பட்டா ஜாமீன் குடுக்கக் கூடாது, இதான் ஊபாவோட 43டி பிரிவு, 5-ம் உட்பிரிவு, சுருக்கமா 43டி 5. போலீஸ் எழுதுனதைப் போலீஸ் எழுதுனதை வச்சே சோதிக்கணும், நம்ம பக்க சாட்சியெல்லாம் விசாரணைக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கணும், விசாரணை எப்ப வரும்னு கேட்டா அது அந்த அழகருக்கே வெளிச்சம்.

அரசாங்கமே பார்லிமெண்ட்ல குடுத்த கணக்கு, 2018-ல இருந்து 2020 வரைக்கும் மூணு வருஷத்துல ஊபாவுல கைதானவங்க 4,690 பேர், அந்த மூணு வருஷத்துல தண்டனை ஆனவங்க 149 பேர். மிச்சப் பேரு எல்லாம் நிரபராதின்னு நான் சொல்லல, நிறைய கேஸ் இன்னும் முடியாம கிடக்கும். ஆனா முடியாம கிடக்குறதுதான் இங்க தண்டனையே. நம்ம திருச்சி பக்கத்துல பொறந்து ஜார்கண்ட்ல ஆதிவாசிகளுக்காக வேலை செஞ்ச ஸ்டேன் சாமி ஃபாதர், ஊபா கேஸு, 83 வயசு, நடுக்குவாதம், கையில டம்ளர் பிடிச்சுத் தண்ணி குடிக்க முடியாது, 2020 அக்டோபர்ல உள்ள போனவரு, 2021 ஜூலையில ஜாமீன் மனு நிலுவையில இருக்கும் போதே செத்துப் போனாரு. அவரு மேல விசாரணையே ஆரம்பிக்கல.

சரி, இது யாரோ ஜார்கண்ட்காரங்களுக்கும் பாய்மார் தெருவுக்கும் வர்ற பிரச்சினை, நமக்கு வராதுன்னு நெனைக்கிறவங்களுக்கு நான் திருமங்கலத்தை ஞாபகப்படுத்துறேன். 2002 ஜூன் 29, திருமங்கலம் பொதுக்கூட்டம், வைகோ பேசுனாரு. புலிகளை ஆதரிச்சுப் பேசுனாருன்னு ஜூலையில பொடாவுல புடிச்சாங்க, ஒன்றரை வருஷத்துக்கு மேல வேலூர் ஜெயில். மேடையில பேசுன பேச்சு, கையில ஒரு கத்தி கூட கிடையாது. இதுல பெரிய கொடுமை என்னன்னா அந்தப் பொடா பார்லிமெண்டுக்கு வந்தப்ப ஆதரிச்ச கூட்டணியில அவரும் ஒருத்தரு. அதே வருஷம் ஆகஸ்ட்ல நம்ம மதுரைக்காரரு பழ.நெடுமாறனையும் பொடாவுல தூக்குனாங்க. கடைசியில சுப்ரீம் கோர்ட் 2003 டிசம்பர்ல, தீவிரவாதச் செயலுக்கு உதவுற நோக்கம் இல்லாம வெறும் தார்மீக ஆதரவு தெரிவிக்கிறது பொடாவுல குத்தம் ஆகாதுன்னு சொல்லுச்சு. ஒரு எம்.பி.க்கே அம்புட்டு நாள்னா, கேஸ் நடத்தக் காசில்லாத பேரையூர்ப் பையனுக்கு எத்தனை நாள்னு கணக்குப் போட்டுக்கங்க. ஆதரிச்சுக் கை தூக்குனவங்களையே புடிச்ச சட்டம் அது, இன்னைக்கு நமக்குப் புடிக்காதவன் மேல பாயுதேன்னு சந்தோஷப்படுற யாரும் கொஞ்சம் யோசிக்கணும்.

இப்ப உசிலம்பட்டி பக்கத்துக்கு வர்றேன், இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததே உங்களை நெனைச்சுத்தான். பெருங்காமநல்லூரைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது ஒண்ணுமில்ல, இருந்தாலும் மத்தவங்களும் இதைப் படிப்பாங்க. வெள்ளைக்காரன் 1871-ல வடக்க கொண்டு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்துச்சு. நம்ம ஊர்ல அதுக்குப் பேரு ரேகைச் சட்டம். குத்தம் செஞ்சானா இல்லையாங்கிற கேள்வியே கிடையாது, அதுல சேத்த சாதியில, இங்க கள்ளர்ல, பொறந்த ஆம்பளைன்னா பேரைப் பதிஞ்சு பத்து விரலையும் உருட்டி ரேகை வைக்கணும், ராத்திரியானா ஸ்டேஷன்லயோ சாவடியிலயோ போய்ப் படுக்கணும், வெளியூர் போகணும்னா சீட்டு வாங்கணும். பொண்டாட்டிக்குப் பிரசவ வலின்னாலும் சீட்டு, காளை மாடு வாங்கப் போனாலும் சீட்டு. 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூர்ல ரேகை வைக்க மாட்டோம்னு நின்னாங்க. சுட்டாங்க. 16 பேரு செத்தாங்க, அதுல ஒருத்தவங்க மாயக்காள்.

அந்தச் சட்டத்தையும் "பொதுமக்கள் பாதுகாப்புக்கு"ன்னுதான் கொண்டு வந்தாங்க. அன்னைக்கு மதுரை டவுன்ல இருந்த மத்த சனம் முக்கால்வாசி வாயைத் திறக்கல, ஏன்னா அது அவங்க பிரச்சினை இல்ல. திறந்தவங்கள்ல ஒருத்தரு ஜார்ஜ் ஜோசப், மலையாளத்துக்காரரு, கிறிஸ்தவரு, மதுரையில பாரிஸ்டரு, நம்ம சனம் அவரை ரோசாப்பூ துரைன்னு கூப்பிட்டுச்சு. அவரு கள்ளரும் இல்ல, உசிலம்பட்டிக்காரரும் இல்ல, அந்தச் சட்டம் அவரு வீட்டு வாசலுக்கு எந்தக் காலத்துலயும் வரப் போறதில்ல. ஆனா கோர்ட்லயும் வெளியவும் இந்த சனத்துக்காக நின்னாரு. அப்புறம் முத்துராமலிங்கத் தேவர், இன்னும் எத்தனையோ பேரு போராடி 1947-லதான் இங்க அந்தச் சட்டத்தை எடுத்தாங்க.

நான் கேக்குறது அதான். ரெய்டுன்னு டிவியில வந்தா நெல்பேட்டை, காஜிமார் தெரு, மகபூப்பாளையம் பேருதான் வருது. அந்தத் தெருக்காரங்க எந்திரிச்சு "எங்க பையனை முறைப்படி விசாரிங்க"ன்னு சொன்னா "அவங்க ஆளுங்களுக்கு அவங்க பேசுறாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சுர்றாங்க. ஜமாத் பேசினா அது மதம், இயக்கம் பேசினா அது அரசியல், வக்கீல் பேசினா அது ஃபீஸு. கேஸே இல்லாத ஊரு, சம்பந்தமே இல்லாத ஊரு, ரேகைச் சட்டத்துல அடிபட்ட ஊரு தீர்மானம் போட்டா அதை அப்படித் தள்ள முடியாது.

குண்டு வைக்கிறவனை என்ன பண்றதுன்னு கேப்பீங்க, கேக்கணும். 1998 கோயம்புத்தூர்ல 58 பேரு செத்தாங்க. 2011-ல நம்ம ஆலம்பட்டி பாலத்துக்கு அடியிலயே அத்வானி யாத்திரை போற ரோட்ல பைப் வெடிகுண்டு இருந்துச்சு, ஊர்க்காரங்க கண்டுபிடிச்சுச் சொன்னாலதான் ஒண்ணும் ஆகல. மைசூர் கோர்ட் குண்டு கேஸ்ல மதுரைக்காரங்களே தண்டனை வாங்கிருக்காங்க. இதெல்லாம் கற்பனைன்னு நான் சொன்னா என்னை நம்பாதீங்க. புடிக்கட்டும், விசாரிக்கட்டும், நிரூபிச்சு உள்ள வைக்கட்டும். ஆனா அதே கோவை கேஸ்லதான் கேரளாவைச் சேர்ந்த அரசியல் தலைவர் மதானி ஒன்பது வருஷத்துக்கு மேல ஜெயில்ல இருந்து 2007-ல நிரபராதின்னு வெளிய வந்தாரு. அந்த ஒன்பது வருஷத்தை எந்தக் கெஜட்லயும் திருப்பித் தர முடியாது, இத்தனைக்கும் அப்ப 43டி 5 கூட கிடையாது. தப்பான ஆளை உள்ள வச்சிருக்கிற நாள்ல சரியான ஆளு வெளிய சுத்திட்டு இருப்பாங்கிறதையும் யாரும் பேச மாட்டேங்கிறாங்க.

இன்னொரு விஷயம், ரேகை. பெருங்காமநல்லூர்ல சுட்ட அதே 1920-லதான் கைதிகள் அடையாளச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க, ரேகை, கால்தடம், போட்டோ எடுக்க. அது 102 வருஷம் ஓடுச்சு. 2022-ல அதை எடுத்துட்டு புதுசு கொண்டு வந்தாங்க, இப்ப கண்ணுக்குள்ள கருவிழி, விழித்திரை, ரத்தம் மாதிரி உடம்பு சாம்பிளு, கையெழுத்து எல்லாம் எடுக்கலாம், எடுத்ததை 75 வருஷம் வச்சிருக்கலாம். 75 வருஷம்! எடுக்கப்பட்டவன் செத்து அவன் பேரன் கல்யாணம் முடிஞ்சாலும் அது கம்ப்யூட்டர்ல இருக்கும். முகத்தைப் படம் புடிச்சு ஆளைக் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேரை நம்ம மாநிலப் போலீஸ் 2021-ல இருந்து வச்சிருக்கு. ராத்திரி பைக்ல வர்ற பையனை நிறுத்தி மூஞ்சியை போன்ல எடுக்கிறது அதுக்குத்தான். 2024 மே மாசம் அந்த போர்ட்டலுக்குள்ளயே யாரோ புகுந்துட்டாய்ங்க, போலீஸே ஒத்துக்கிட்டாங்க. நம்ம மூஞ்சிக்குப் பாதுகாப்பு அம்புட்டுதான்.

தீர்மானம் போடுறதெல்லாம் புதுசா நான் யோசிச்சது இல்ல. அமெரிக்காவுல 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் ஒன்றரை மாசத்துல பேட்ரியாட் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க, லைப்ரரியில யார் என்ன புஸ்தகம் எடுத்தான்னு கூட கேட்டு வாங்கலாம், கேட்டதை லைப்ரரிக்காரங்க வெளிய சொல்லக் கூடாதுன்னு. அங்க நார்த்தாம்டன்னு ஒரு சின்ன டவுன்ல சாதாரண சனங்க கூடிப் பேசி 2002-ல நகர சபையில தீர்மானம் போட வச்சாங்க. அப்புறம் அது பரவி 400-க்கும் மேல ஊருங்க, எட்டு மாநில சட்டசபைங்க போட்டாங்க, இதுல ரெண்டு கட்சி ஆளுங்களும் உண்டு. ஆர்கேட்டான்னு கலிபோர்னியாவுல ஒரு ஊரு ஒரு படி மேல போயி, நம்ம நகராட்சி அதிகாரி எவனாவது அரசியல் சட்டத்தை மீறித் தானா முன்வந்து ஒத்துழைச்சா 57 டாலர் அபராதம்னு உள்ளூர்ச் சட்டமே போட்டுச்சு. 57 டாலர் பெரிய காசில்ல, ஆனா எனக்கு அந்தத் தில்லு ரொம்பப் புடிச்சுப் போச்சு. அதனால சட்டம் உடனே போயிருச்சான்னா இல்ல. லைப்ரரி விஷயம் வர்ற அந்த 215-ம் பிரிவு 2020 வரைக்கும் இழுத்துட்டுத்தான் காலாவதி ஆச்சு.

நம்ம தீர்மானத்துல என்ன இருக்கணும்னா, சும்மா "ஊபாவை ரத்து செய்"ன்னு ஒத்தை வரி எழுதிட்டு டீ குடிக்கப் போயிராதீங்க. அதை எழுதுங்க, 43டி 5-ஐ நீக்கச் சொல்லி எழுதுங்க, அது டெல்லிக்கு. ஆனா அதுக்குக் கீழ, இங்க இருக்கிற ஸ்டேஷனும் பஞ்சாயத்தும் நாளைக்கே செய்யக்கூடியதை எழுதுங்க. சாட்சின்னு ஒருத்தரை விசாரிக்கக் கூப்பிடணும்னா எழுத்துல குடுக்கணும், பொம்பளைங்களையும் 15 வயசுக்குக் கீழ உள்ள பையன்களையும் 60 தாண்டின ஆம்பளைங்களையும் அவங்க வீடு இருக்கிற இடத்துலதான் விசாரிக்கணும், இது புது குற்ற நடைமுறைச் சட்டத்துலயே (BNSS) 179-ம் பிரிவுல இருக்கு, நாம ஒண்ணும் சலுகை கேக்கல. கைது பண்ணா ஏன்னு காரணத்தை எழுத்துலயே குடுக்கணும்னு ஊபா கேஸ்லயே சுப்ரீம் கோர்ட் 2024 மே மாசம் சொல்லிருச்சு, நியூஸ்க்ளிக்ங்கிற செய்தி இணையதளத்தோட ஆசிரியர் கேஸ்ல. வீட்டுக்குத் தகவல் சொல்லணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். ஸ்டேஷன்ல கேமரா ஓடணும்னு 2020-லயே உத்தரவு இருக்கு.

இதுல நான் நின்னு பேசணும்னு நெனைக்கிறது அந்த முதல் ராத்திரி. மஃப்டியில நாலு பேரு வந்து ஏத்திட்டுப் போயிருவாங்க, எந்த ஸ்டேஷன்னு சொல்ல மாட்டாங்க, போன் ஸ்விட்ச் ஆஃப். வெள்ளன எங்க ஆபீஸ் வாசல்ல அந்த அம்மா நிக்கும், கையில ஆதார் ஜெராக்ஸும் பையன் போட்டோவும். வக்கீல் கேக்குற முதல் கேள்வி "யாரும்மா கூட்டிட்டுப் போனது, வண்டி நம்பர் என்ன". தெரியாது. ஆட்கொணர்வு மனு போடணும்னா எதிர்மனுதாரர் யாருன்னு எழுதணுமே, யாரை எழுதுறது? லோக்கல் ஸ்டேஷன்ல கேட்டா எங்களுக்குத் தெரியாது, கியூ பிராஞ்சை (தமிழ்நாடு போலீஸ்ல தீவிரவாதக் கேஸ் பாக்குற உளவுப் பிரிவு) கேளுங்கம்பாங்க, அங்க கேட்டா இன்னொரு பேரைச் சொல்லுவாங்க. பேப்பர்ல கைதுன்னு எழுதுற நேரத்துக்கும் வீட்டுல இருந்து கூட்டிட்டுப் போன நேரத்துக்கும் நடுவுல இருக்கிற அந்த மணிக்கணக்குலதான் எல்லாமே நடக்கும், அது எந்த ரெக்கார்ட்லயும் இருக்காது. 2025 ஜூன்ல மடப்புரத்துல போலீஸ் பிடியில செத்துப் போன கோயில் காவலாளிப் பையனுக்கு நடந்தது நகைத் திருட்டுப் புகார், தீவிரவாதம் இல்ல, எஃப்ஐஆர் கூட போடாம தனிப்படை கூட்டிட்டுப் போனாங்க. நகைக்கே அப்படின்னா தேசப் பாதுகாப்புன்னு ஒரு பேரு வச்சுட்டா யாரு கேக்கப் போறா.

அதனால தீர்மானத்துல இதைக் கண்டிப்பா எழுதுங்க, நம்ம ஊர் எல்லைக்குள்ள இருந்து எந்தப் பிரிவு போலீஸ் யாரைக் கூட்டிட்டுப் போனாலும் பேர் பட்டையோட வரணும், குடும்பத்துக்கிட்ட எழுத்துல குடுத்துட்டுப் போகணும், லோக்கல் ஸ்டேஷன்ல அது பதிவாகணும். யார் எந்த மதம், எந்த இயக்கம், யார் வீட்டுக்கு யார் வந்து தங்குறான்னு பஞ்சாயத்துக் கிளார்க்கிட்டயோ வி.ஏ.ஓ. கிட்டயோ வாய்மொழியா லிஸ்ட் கேட்டா குடுக்கக் கூடாது, எந்தச் சட்டத்துல எந்தப் பிரிவுன்னு எழுத்துல கேட்டா குடுக்கலாம். புடிச்சுட்டுப் போன குடும்பத்தை ஊரே ஒதுக்கி வைக்கக் கூடாது, வீட்டைக் காலி பண்ணச் சொல்லக் கூடாது, இதையும் எழுதுங்க, இது போலீஸுக்கு இல்ல நமக்கு நாமே போட்டுக்கிறது. காவல்ல இருக்கிற யாருக்கும் இலவசமா வக்கீல் உண்டு, சட்டப்பணிகள் ஆணைக்குழு நம்பர் 15100, அதைப் பஞ்சாயத்து ஆபீஸ் செவுத்துல பெயிண்ட்ல எழுதி வைக்கச் சொல்லுங்க.

தீர்மானம் போட்டா போலீஸ் கட்டுப்படணுமான்னா, கட்டுப்பட வேண்டியதில்ல. கிராம சபைக்குப் போலீஸ் மேல அதிகாரம் கிடையாது, யாராவது இருக்குன்னு சொன்னா நம்பாதீங்க. ஆனா நாளைக்கு ஒரு பையனுக்கு ஏதாவது ஆயிப் பெஞ்ச்ல மனு போடும் போது, "இந்த ஊரு இத்தனாந்தேதியே இப்படிக் கேட்டிருக்கு, கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் நகல் போயிருக்கு, தெரியாதுன்னு சொல்ல முடியாது"ன்னு டைப் செட்டுல, அதாவது கோர்ட்ல குடுக்கிற ஆவணக் கட்டுல, இணைப்பா வைக்கலாம். அதோட வெயிட் என்னன்னு கட்டு தூக்குறவனுக்குத் தெரியும்.

சில இடத்துல தலைவர் இருப்பாரு, சில இடத்துல தனி அலுவலர்தான் இருப்பாரு. "இது அஜெண்டாவுல இல்லையே"ன்னு இழுப்பாங்க. அதனால கூட்டத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுத்து ரசீது வாங்கிக்கங்க, கூட்டத்துல படிக்கும் போது ஒருத்தர் போன்ல வீடியோ எடுங்க, நோட்டுல எழுதி முடிச்சு வாசிச்சுக் காட்டுனப்புறம் கையெழுத்துப் போடுங்க, வெத்து நோட்டுல போட்டுட்டு வந்துராதீங்க. நகல் குடுக்க மாட்டேன்னா தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்க. கிடைச்ச நகலைத் திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல குடுத்து மனு நம்பர் வாங்குங்க. மாதிரித் தீர்மானம் ஒண்ணு ஒரே பக்கத்துல டைப் பண்ணி வச்சிருக்கேன், கேக்குற ஊருக்குக் குடுத்து விடுறேன், ஊர்ப் பேரையும் தேதியையும் நீங்க நிரப்பிக்கங்க. தேதியை மட்டும் மறந்துறாதீங்க, தேதி இல்லாத பேப்பரை கோர்ட்ல ஒருத்தரும் சீண்ட மாட்டாங்க.

இப்படிக்கு,
ஒத்தக்கடையில இருந்து ஒரு வக்கீல் குமாஸ்தா